நோர்வேயிலிருந்து கிணறு தோண்டப் போன கதை

பனி பெய்யவில்லை என்று எனக்கு லீவு தந்தார்கள். சிரிக்க வேண்டாம். நான் வேலை செய்த ஹொட்டேல் நோர்வேயில் ஒரு மலைச்சரிவில் இருந்தது. சனம் காசு கட்டி வந்து, பனியில் சறுக்கி, காலை முறித்துக்கொண்டு சந்தோஷமாகப் போகிற இடம். அந்த வருஷம் மார்கழி போய்த் தை முடிந்தும் மலை மொட்டையாகவே நின்றது. முதலாளி விடிய எழும்பினதும் முற்றத்தில் நட்டிருந்த அளவுகோலைப் போய்ப் பார்ப்பார். பிறகு உள்ளே வந்து என்னைப் பார்ப்பார், ஏதோ நான்தான் பனியை எடுத்துக் குசினிக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன் என்பது போல.

வெறிச்சோடின சாப்பாட்டறைக்கு இரண்டு கிழவர்கள் மட்டும் தவறாமல் கோப்பி குடிக்க வந்தார்கள். ஒருவர் சொன்னார், தான் சின்னப் பொடியனாக இருந்தபோது பனி ஜன்னல் மட்டத்துக்கு நின்றதாம், இப்போது வருஷத்துக்கு வருஷம் மலை இளைத்துக்கொண்டு போகிறதாம், மேலே பனி இல்லாவிட்டால் கோடையில் ஆற்றில் என்னதான் ஓடும் என்று. மற்றவர், உலகமே சூடேறுகிறது, தொலைக்காட்சியில் சொன்னார்கள் என்றார். நான் அவர்களுடைய கோப்பைகளைக் கழுவிக்கொண்டு உள்ளுக்குள் சிரித்தேன். குழாயைத் திறந்து விட்டுவிட்டுத் தொலைபேசியில் அரை மணித்தியாலம் கதைக்கிற சனத்துக்குத் தண்ணீர்க் கவலையாம்!

அந்தக் கிழமைதான் பண்டத்தரிப்பிலிருந்து அக்காவின் கடிதம் வந்தது. கிணறு உவராகிப் போச்சு, பாதிப் பங்கு உன் பேரில் கிடக்கு, நீ வந்தால்தான் ஒரு முடிவு எடுக்கலாம் என்று எழுதியிருந்தா. எங்கள் ஊரில் காணி உறுதி எழுதும்போது கிணற்றையும் பங்கு போட்டுத்தான் எழுதுவார்கள். அப்பா போகும்போது அக்காவுக்குப் பாதி, எனக்குப் பாதி என்று எழுதிவிட்டுப் போனார். எந்தப் பாதி யாருக்கு, மேல் பாதியா கீழ்ப் பாதியா என்று எழுதாமல் விட்டுவிட்டார்.

தொண்ணூறாம் ஆண்டு சித்திரை. இந்திய ஆமி கப்பலேறிப் போய், ஊர் கொஞ்சம் மூச்சு விட்ட நேரம். மூச்சு விட நேரம் கிடைத்ததும் எங்கள் ஆட்கள் தொடங்கின முதல் வேலை ஓடு மாற்றுவதும் கிணறு தோண்டுவதும்தான். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் கொண்டக்டர் என் பெட்டியை வெங்காயச் சாக்குக்கு மேல் போட்டு, பெட்டிக்கு மேல் என்னைப் போட்டான். வழி நெடுக இரண்டு பக்கமும் இறைப்பு மிசின் சத்தம். தோட்டத்துக்குத் தோட்டம் மண்ணெண்ணெய் மிசின் நின்று புகையைக் கக்கிக்கொண்டு வாய்க்காலில் தண்ணீரைக் கொட்டியது. பக்கத்தில் இருந்த மனிசன், இப்போதெல்லாம் மிசின் இல்லாத வீட்டில் சம்பந்தம் செய்யவே யோசிக்கிறார்கள் என்றார். அக்கா வீட்டு மிசின் நான் அனுப்பின காசில் வாங்கினது. அதை அவரிடம் சொல்லி நானும் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தினேன்.

வீட்டில் அக்கா கட்டிப் பிடித்து அழுதா. அத்தான், அழுது முடியட்டும் என்று தோளில் துவாயைப் போட்டபடி நின்றார். தேத்தண்ணி வந்தது. ஒரு மிடறு குடித்தேன். சரிதான், என்னைக் கண்ட சந்தோஷத்தில் அக்கா சீனிக்கு உப்பைப் போட்டுவிட்டா என்று நினைத்தேன். பால் வேறு திரைந்து மிதந்தது. அக்காவின் முகம் சுருங்கிப் போச்சு. என்னைப் பார்க்க வந்த சனத்துக்கு ஊற்றி ஊற்றி நல்ல தண்ணிக் குடம் முடிந்துவிட்டதாம். இது எங்கள் கிணற்றுத் தண்ணியாம்.

நல்ல தண்ணி பக்கத்து வளவுக் கந்தையா அண்ணை வீட்டிலிருந்து வருகிறது. ஒழுங்கையில் எட்டு வீடு. எட்டு வீட்டுக்கும் குடிக்க மிஞ்சியிருந்த இனிப்பான கிணறு அது ஒன்றுதான். கந்தையா அண்ணை தங்கமான மனிசன், ஒருவரையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. அவருடைய மனைவி பரமேஸ் அக்காவும் வேண்டாம் என்று சொல்வதில்லை. ஆனால் அக்கா அள்ளும்போது பக்கத்திலேயே நின்று, "அள்ளுங்கோ புவனா, நல்லா அள்ளுங்கோ, எங்கடை கிணறு எங்கை வத்தப்போகுது" என்று நாளுக்கு நாள் சொல்லுவாவாம். அதற்காகவே அக்கா ஒழுங்கையில் ஆள் குறைந்த பின்னேரமாகப் பார்த்துக் குடத்தோடு போகிறா. பிச்சை எடுக்கிறவனுக்கு இதைவிட மரியாதை இருக்கு என்று சொல்லி மூக்கைச் சிந்தினா.

அத்தானிடம் வைத்தியம் தயாராக இருந்தது. கிணற்றை இன்னும் மூன்று முழம் ஆழமாக்கினால் கீழே நல்ல ஊற்று இருக்கிறது என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். சந்திக் கடைக்காரரின் மச்சான் வீட்டில் அப்படித்தான் வந்ததாம். அந்தத் தண்ணியை நீங்கள் குடித்தீர்களா என்று கேட்டதற்கு, ஊரே சொல்லுது என்றார்.

இரண்டாம் நாள் மிசினுக்குப் புது ஹோஸ் வாங்கிவர என்னைப் பட்டணம் அனுப்பினார்கள். அத்தானின் சைக்கிளில் போனேன். பிறேக் இல்லை. நோர்வேயில் சைக்கிளில் போனால் தொப்பி போடச் சொல்லுவார்கள், இங்கே காலைத் தேய்த்து நிறுத்தச் சொன்னார்கள். செருப்பு பாதி தேய்ந்து பட்டணம் போய்ச் சேர்ந்தேன். சாப்பாட்டுக் கடையில் பிட்டும் மீன் குழம்பும், மேலே ஒரு பிளேன்ரீ. அந்தக் கடைத் தண்ணி தேனாக இருந்தது. எங்கிருந்து என்று கேட்டேன். திருநெல்வேலிப் பக்கமிருந்து பவுசர் லொறியில் வருகிறதாம். கடைக்காரர் அதைச் சொன்ன விதத்தில், வெளிநாட்டுச் சாமான் போலத்தான் இருந்தது.

ஹோஸ் விற்ற கடைக்காரர் ஒரு முஸ்லிம் மனிசர், எல்லோரும் நானா என்று கூப்பிட்டார்கள். அளந்து வெட்டிக்கொண்டே பேச்சுக் கொடுத்தார். வழக்கமாக வாங்குகிற ஆட்கள் எல்லாரும் ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கூட நீளம் கேட்கிறார்களாம், போன வருஷத்து ஹோஸ் இந்த வருஷம் தண்ணிக்கு எட்டவில்லையாம்.

"தண்ணி எங்கை நிக்குதெண்டு எனக்கு இங்கை இருந்தே தெரியும் தம்பி. நீங்கள் கீழை கீழை போறீங்கள். ஒரு நாளைக்கு நான் ஹோஸ் விக்க ஏலாது, தூண்டில்தான் விக்க வேணும்," என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை, ஹோஸைச் சுருட்டிக் கட்டித் தந்தார்.

பின்னேரம் கிணறு வெட்டுகிற செல்லத்துரை அண்ணை வந்து எட்டிப் பார்த்தார். வயசு ஐம்பது இருக்கும், உடம்பு முழுக்கச் சுண்ணாம்புக் கல்லின் வெள்ளை. அக்கா அவருக்கென்று வைத்திருந்த தனிப் பேணியில் தண்ணி ஊற்றிக் கொடுத்தா. கிணற்றை வெட்டலாம், ஆனால் அதன் கட்டின் மேல் ஏறி அவர் அள்ளிக் குடிக்கக் கூடாது. நான் நோர்வே போனபோது இருந்த பேணி நசிந்துவிட்டதால் புதுப்பேணி வாங்கியிருந்தார்கள், அவ்வளவுதான் எங்கள் ஊர் முன்னேற்றம். படலை வரைக்கும் அவரோடு நடந்து போய், கீழே நல்ல ஊற்று இருக்கிறதா என்று மெல்லக் கேட்டேன்.

"கீழை கடல் தம்பி," என்றார். "மழைத் தண்ணி உப்புத் தண்ணிக்கு மேலை மிதக்குது, அவ்வளவுதான். மேலை இறைக்க இறைக்க, அது எழும்பி வரும். தோண்டினால் நாங்களே போய்க் கதவைத் தட்டின மாதிரி."

பிறகு ஏன் தோண்ட ஒப்புக்கொண்டீர்கள் என்று கேட்டேன். தான் மாட்டேன் என்றால் மானிப்பாயிலிருந்து வேறு ஆள் வருவான், தன் வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா என்றார். நியாயமான கேள்வி.

அன்று இரவுச் சாப்பாட்டில், இடியப்பத்தைச் சொதியில் குழைத்தபடி, விஷயத்தை அத்தானிடம் எடுத்தேன். மிசினை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவம், மாரி வரைக்கும் கிணற்றை ஆறவிடுவம், மேலே நல்ல தண்ணி திரும்பவும் சேரும் என்றேன். நான் ஹொட்டேலில் பெரிய உத்தியோகம் என்று கடிதத்தில் புளுகியிருந்தபடியால் குரலையும் அதற்கேற்ற மாதிரி வைத்துக்கொண்டேன். அத்தான் பொறுமையாகக் கேட்டார்.

"நோர்வேயிலை நீ எத்தினை கிணறு வெட்டினனீ?" என்றார்.

 நான் சாப்பிட்டுக் கை கழுவ எழும்பினபோது அக்கா பின்னால் வந்து, செம்பில் தண்ணி ஊற்றிக்கொண்டு, "நீ ஓம் எண்டு சொன்னால் காணும் தம்பி. எனக்கு அந்தப் பரமேஸின்ரை படலையை இன்னொருக்கால் மிதிக்கேலாது," என்றா. அம்மா செத்த பிறகு என்னைக் குளிக்க வார்த்த கை. நான் ஓம் என்றேன். ஓம் என்ற பிறகு என்னைத் தொடர்ந்து அறிவாளி என்று சொல்லிக்கொள்வதில் பிரயோசனம் இல்லை.

வேலை தொடங்கமுதல் சந்நிதி முருகனுக்கு ஒரு அர்ச்சனை செய்ய வேண்டும் என்று அக்காவின் நேர்த்தி. மூன்றாம் நாள் எல்லோருமாகத் தொண்டைமானாற்றுக்கு மினிபஸ் ஏறினோம். கோயிலில் அர்ச்சனை, மடத்தில் அன்னதானம். சோறும் பூசணிக்காய்க் கறியும் இலையில் விழ, நோர்வேயில் ஆறு வருஷம் பட்ட பசி எல்லாம் ஒரே நாளில் தீர்ந்தது. சாப்பிட்டுவிட்டுக் கடல்நீரேரி வாயில் கட்டியிருந்த அணையைப் பார்க்கப் போனேன். மழைத் தண்ணியைக் கடலுக்கு விடாமல் மறித்து, கடலை உள்ளே விடாமல் தடுத்து, அந்த ஏரியை நல்ல தண்ணி ஆக்கினால் குடாநாட்டுக் கிணறெல்லாம் இனிக்கும் என்று யாரோ ஒரு காலத்தில் கணக்குப் போட்டுக் கட்டினது. பலகைகள் உக்கி ஓட்டை விழுந்திருந்தன. சண்டைக்குள் பலகை மாற்ற யார் வருவார்? கடல் தன் பாட்டில் உள்ளே போய் வந்துகொண்டிருந்தது. வலை காயப்போட்ட ஒரு மனிசரிடம் இது பிழை இல்லையா என்று கேட்டேன். உங்களுக்குப் பிழை, எங்களுக்கு றால் என்றார்.

திரும்பி வரும் வழியில் மினிபஸ் கொதித்து நின்றது. கொண்டக்டர் வாளியோடு இறங்கி ஓடிப்போய் நீரேரிக் கரையில் அள்ளிக்கொண்டு வந்தான். டிறைவர் பாய்ந்து விழுந்து தடுத்தார். உப்புத் தண்ணி ஊற்றினால் றேடியேற்றர் அரித்துப்போகும், நல்ல தண்ணி கொண்டு வா என்று கத்தினார். கொண்டக்டர் வீடு வீடாகப் படலையைத் தட்டினான். முதல் வீட்டிலும் உவர், இரண்டாம் வீட்டிலும் உவர். மூன்றாம் வீட்டில் ஒரு மனிசி அரை வாளி தந்து, இது குடிக்கிற தண்ணி, பஸ்ஸுக்கு ஊற்றுகிறதைப் பார்க்க எனக்கு வயிறு எரியுது என்று சொல்லி அனுப்பினாவாம். நாங்கள் முக்கால் மணித்தியாலம் வெயிலில் நின்றோம். அந்த ஓட்டை வாகனத்துக்கு இருந்த தெளிவு எங்கள் குடும்பத்துக்கு இல்லையே என்று எனக்குத் தோன்றியது. அதை அத்தானிடம் சொல்லவில்லை.

நான்காம் நாள் தோண்டத் தொடங்கினார்கள். தோண்ட வேண்டுமென்றால் முதலில் கிணறு காய வேண்டும். மேலே மிதந்த கொஞ்ச நஞ்ச நல்ல தண்ணியையும் மிசின் போட்டு உறிஞ்சி வெங்காயத்துக்கு விட்டார்கள். வெங்காயத் தாள் நுனி ஏற்கனவே கருகித்தான் இருந்தது. பிறகு செல்லத்துரை அண்ணையும் இன்னொருவரும் அலவாங்கோடு இறங்கினார்கள். மூன்று நாள் கல்லுடைத்த சத்தம். ஒழுங்கைச் சனம் வேலிக்கு மேலாகத் தலையை நீட்டி நீட்டிப் பார்த்தது. நோர்வேத் தம்பி கிணறு தோண்டுவிக்கிறார் என்று எனக்குப் புதுப்பேரும் வந்தது. உண்மையைச் சொன்னால், அந்தப் பேர் எனக்குப் பிடித்திருந்தது.

தோண்டின மூன்றாம் நாள் மத்தியானம் உள்ளேயிருந்து "ஊத்துக் கண் திறந்திட்டுது" என்று குரல் வந்தது. அத்தான் கற்பூரம் கொளுத்தினார். கப்பியில் முதல் வாளி ஏறியது. செல்லத்துரை அண்ணை கீழே நின்று அண்ணாந்து என்னையே பார்த்தார். அவர் குடித்துப் பார்த்துவிட்டார் என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது. முதல் பேணி வெளிநாட்டுத் தம்பிக்கு என்று அத்தான் நீட்டினார். வேலி முழுக்கத் தலைகள். குடித்தேன். அப்பனே, கீரிமலைக் கடலில் முழுகும்போது வாய்க்குள் போகுமே, அதே தண்ணி.

"எப்பிடி?" என்றார் அத்தான்.

"நல்ல தண்ணி," என்றேன்.

அத்தான் குடித்தார். கண்ணை ஒரு கணம் மூடினார். பிறகு ஊருக்குக் கேட்க, தேவாமிர்தம் என்றார். அக்கா ஒரு சொட்டு நாக்கில் வைத்தா, சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தா, குசினிக்குள் போய்விட்டா. வேலியில் நின்ற சனத்துக்கு, இப்ப கலங்கல், தெளிந்த பிறகு தாறம் என்று அத்தான் சமாளித்தார்.

எல்லோரும் கலைந்து போனார்கள், கந்தையா அண்ணை மட்டும் படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். கலங்கினாலும் பரவாயில்லை, ஒரு வாய் தா புவனா என்றார். அக்கா குசினிக்குள் போனா. மூடி வைத்திருந்த குடத்தில் ஒரு பேணி ஊற்றிக்கொண்டு வந்தா. முந்தின நாள் பின்னேரம் அவருடைய கிணற்றில், பரமேஸ் அக்காவின் பேச்சையும் கேட்டுக்கொண்டு அள்ளிவந்த குடம் அது. பேணியைக் கொடுக்கும்போது அக்கா என்னை ஒருதரம் பார்த்தா. நான் வாயை மூடிக்கொண்டேன்.

கந்தையா அண்ணை குடித்தார். வாய்க்குள் வைத்து உருட்டிப் பார்த்து விழுங்கினார்.

"பொய் சொல்லக் கூடாது," என்றார். "எங்கடையிலும் பாக்க உது திறம்."

"மூண்டே முழம் அண்ணை," என்றார் அத்தான்.

அந்த மனிசன் தன் கிணற்றுத் தண்ணியையே குடித்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டு போனார். படலை வரைக்கும் பின்னால் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். எட்டு வீட்டுக் குடி தண்ணி அது. நான் அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அடுத்த நாள் விடிய, பக்கத்து வளவில் அலவாங்குச் சத்தம் கேட்டது. ஜேர்மனியில் இருக்கிற மகன் புவனாவின் தம்பிக்குக் குறைந்தவனா என்று பரமேஸ் அக்கா ஒழுங்கையில் கேட்டாவாம். அங்கே நாலு முழம். இரண்டு நாள் கழித்துச் சத்தம் நின்றது. நாங்கள் காத்திருந்தோம். கற்பூரம் கொளுத்தின மணம் வந்தது, ஒருவரும் வந்து ஒன்றும் சொல்லவில்லை. பின்னேரம் அக்கா குடத்தோடு போக, கிணறு கலங்கிக் கிடக்கு, தெளிஞ்சாப் பிறகு வாங்கோ என்று பரமேஸ் அக்கா படலையிலேயே வைத்து அனுப்பிவிட்டா. அந்தச் சொல்லை அக்காவுக்கு நன்றாகத் தெரியும். செல்லத்துரை அண்ணை அலவாங்கைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போகும்போது, "அங்கையும் கடல்தான்," என்று மட்டும் சொன்னார்.

நான் வெளிக்கிடுகிற நாளுக்கு முதல் நாள், அக்காவும் நானும் சைக்கிளில் குடத்தைக் கட்டிக்கொண்டு பிள்ளையார் கோயில் கிணற்றுக்குப் போனோம். அரைக் கட்டை தூரம். அங்கே போனால் திருவிழாக் கூட்டம். எங்கள் ஒழுங்கை, அடுத்த ஒழுங்கை, எல்லோரும் குடத்தோடு வரிசையில். எங்களுக்கு முன்னால் பரமேஸ் அக்கா. என்ன புவனா இந்தப் பக்கம் என்று கேட்டா. தம்பி போகமுதல் கோயில் தண்ணி குடிக்க ஆசைப்பட்டான் என்றா அக்கா. எங்கடை ஆளும் அப்படித்தான், வயசு போகப் பக்தி கூடுது என்றா பரமேஸ் அக்கா. இருவரும் மற்றவரின் கிணற்றைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் அந்தக் கிழமையில் பக்தி முற்றியிருந்தது.

கோயிலைப் பார்க்கிற பொறுப்பாளர், ஊரில் அவரை மனேச்சர் என்பார்கள், என்னைக் கண்டதும் வரிசையை விலக்கிக்கொண்டு நேரே வந்தார். இவ்வளவு சனமும் அள்ள அள்ளக் கிணற்றில் தண்ணி இறங்குகிறது, அதனால் கொஞ்சம் ஆழமாக்க யோசித்திருக்கிறோம், வெளிநாட்டுப் பிள்ளைகள்தான் கை கொடுக்க வேண்டும் என்றார்.  இதுவும் போனால் இந்தச் சனம் எங்கே போகும்? அன்றைக்குத் திறக்காத வாயை அப்போது திறந்தேன்.

"எங்கடை கிணறு உப்பு," என்றேன், எல்லோருக்கும் கேட்க. "ஆழமாக்கினாப் பிறகு கடல் தண்ணிதான் வந்தது. கந்தையா அண்ணைக்கு அண்டைக்குக் குடுத்தது அவரின்ரை கிணத்துத் தண்ணி. இதைத் தொடாதேங்கோ."

வரிசை அப்படியே நின்றது. கப்பிச் சத்தம்கூட நின்றுபோனது. மனேச்சர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"காசெண்ட உடனை பிள்ளைக்கு ஊர்க் கிணறெல்லாம் உப்பாப் போச்சு," என்றார்.

அப்பாடா என்று எல்லோரும் சிரித்தார்கள். பரமேஸ் அக்காதான் எல்லாரிலும் கூடச் சிரித்தா, கண்ணில் தண்ணி வரச் சிரித்தா. சிரிக்காமல் நின்றது அக்கா ஒருத்திதான். இடுப்புக் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல், மனேச்சரைப் பார்த்து நிமிர்ந்து நின்றா.

"அவன் பகிடிக்குச் சொல்லுறான்," என்றா. "என்ரை தம்பி செய்வான்."